பெயர் போன வண்டியும் பெயர் கெட்ட வண்டியும்



2018ஆம் ஆண்டின் தொடக்கம். இலுப்பைக்கடவையில் எங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் மாதக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. சென்ற கூட்ட அறிக்கை வாசித்து, சேமிப்புக் காசு எண்ணி முடிந்த பின்னர் ஓர் அக்கா எழுந்தார். 2009இல் கணவரைத் தொலைத்தவர். மீன் வாங்கி விற்றும் கருவாடு போட்டும் மூன்று பிள்ளைகளை வளர்த்தவர்.

"தங்கச்சி, லீசிங்கிலை ஒரு சின்னக் கார் எடுப்பம் எண்டு யோசிக்கிறன். மூத்தவன் ஓடுவான். ஆசுபத்திரிக்கு, கச்சேரிக்கு எண்டு ஹயர் கிடைக்கும். எந்தக் கார் நல்லது?" என்று கேட்டார்.

நான் சமூகவியல் படித்தவள். கார் பற்றிப் படித்தவள் அல்ல. ஆனால் நான் வாய் திறக்கும் முன்னரே கூட்டம் முழுவதும் பதில் சொல்லத் தொடங்கியது. "ஜப்பான் எண்டால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம்." "இந்தியன் வண்டி தகரம், ஆனால் பார்ட்ஸ் மலிவு." "என்ர தம்பியின்ரை ரோட்டிலை நிண்டது." "என்ர மச்சானின்ரை பத்து வருசமா ஓடுது." ஒருவர் சொன்னதை மற்றவர் மறுத்தார். எல்லோரும் உறுதியாகப் பேசினார்கள். எவரிடமும் கணக்கு இருக்கவில்லை.

அந்தக் கேள்வியை இன்று மீண்டும் எடுப்பதற்குக் காரணம் உண்டு. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில் மீண்டும் திறந்துவிடப்பட்டது. புதியது, பழையது என்று வாகனம் தேடும் பேச்சு எங்கள் கிராமங்களிலும் எழுந்திருக்கிறது. வாகனம் வாங்குவது ஆண்களின் விடயம் என்று ஒதுங்கியிருக்கும் நிலையில் நம்மில் பலர் இல்லை. ஒப்பமிடுவதும் நகையை அடகு வைப்பதும் தவணை கட்டுவதும் நாங்கள்தான். ஆகவே ஒரு வண்டிக்கு நல்ல பெயரும் கெட்ட பெயரும் எப்படி வருகின்றன என்பதை நாங்கள் தெரிந்துகொள்வது நல்லது.

மண்ணெண்ணெயில் ஓடிய கார்

என் தலைமுறைக்கு முதலில் தெரிந்த கார் ஒஸ்ரின் ஏ-40தான். அதோடு மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போர்ட். எல்லாம் வெள்ளைக்காரன் காலத்திலும் அதற்குச் சற்றுப் பின்னரும் இங்கிலாந்திலிருந்து வந்தவை. மொறிஸ் மைனர் 1948இல் அறிமுகமானது. பத்து இலட்சம் எண்ணிக்கையைத் தாண்டிய முதல் பிரித்தானியக் கார் அதுதான். வேறு நாடுகளில் அவை பழம்பொருளாகி வீட்டு முற்றத்தில் நின்றபோது, வடக்கில் அவையே அம்புலன்ஸ், கலியாணக் கார், பிரேத ஊர்வலத்துக்குப் பின்னால் போகும் கார்.

1990இல் போர் மீண்டும் தொடங்கியபின் வடக்குக்குப் பெற்றோல் வருவது நின்றது. மண்ணெண்ணெய்கூட அளந்துதான் வந்தது. அப்போது இந்தக் கிழட்டுக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஒரு சிறு போத்தலில் வைத்திருக்கும் சொட்டுப் பெற்றோலைவிட்டு எஞ்சினை இயக்குவார்கள். சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். வெள்ளைப் புகையும் அந்த மணமும் எனக்கு இன்றும் நினைவிருக்கின்றன. எங்கள் அம்மம்மாவை வைத்தியரிடம் கொண்டுபோனதும் அப்படியொரு காரில்தான்.

இது எப்படி முடிந்தது? அந்தப் பழைய எஞ்சின்கள் எரிபொருளையும் காற்றையும் அதிகம் இறுக்கி அழுத்துவதில்லை. அதனால் தரம் குறைந்த எண்ணெயையும் பொறுத்துக்கொண்டன. குளிரில் மண்ணெண்ணெய் ஆவியாகாது என்பதால்தான் தொடக்கத்துக்குப் பெற்றோல் தேவைப்பட்டது. ஆனால் அதற்கும் ஒரு விலை இருந்தது. எரியாத மண்ணெண்ணெய் எஞ்சின் ஒயிலுக்குள் இறங்கி அதை நீர்க்க வைக்கும். பிளக்கில் கரி படியும். அடிக்கடி ஒயில் மாற்றாவிட்டால் எஞ்சின் தேய்ந்துபோகும்.

"ஏ-40 அசையாது" என்று இன்றும் சொல்லுகிறோம். அதுவாக அசையாமல் இருக்கவில்லை. ஒவ்வொரு நாளும் அதைக் கழற்றிப் பூட்டிய கராஜ்காரர் இருந்தனர். இல்லாத உதிரிப்பாகத்தைக் கடைசல் இயந்திரத்தில் கடைந்து கொடுத்தவர்கள் இருந்தனர். அந்தக் காரின் நல்ல பெயரில் பாதி இங்கிலாந்துக்காரருக்கு உரியது. மறுபாதி எங்கள் மெக்கானிக்மாருக்கு உரியது. பெயரைப் பற்றி நான் கற்ற முதற் பாடம் இது.

ஒரு இலட்சம் ரூபாய்க் கார்

இரண்டாவது பாடம் இந்தியாவின் டாட்டா நானோ. இதன் கதை முழுவதையும் சொல்வது நல்லது. ஏனென்றால் அது எங்களைப் போன்றவர்களை நினைத்தே செய்யப்பட்ட கார்.

மழையில் ஒரு ஸ்கூட்டரில் தகப்பன், தாய், இரண்டு பிள்ளைகள் என்று ஒரு குடும்பமே ஒடுங்கிக்கொண்டு போனதைக் கண்டபோதுதான் இந்த எண்ணம் பிறந்தது என்று ரத்தன் டாட்டா சொல்லியிருக்கிறார். 2008 ஜனவரி 10ஆம் திகதி புதுடில்லிக் கண்காட்சியில் நானோ காட்டப்பட்டது. விலை ஒரு இலட்சம் இந்திய ரூபாய் என்றதும் உலகமே திரும்பிப் பார்த்தது. பின்பக்கத்தில் 624 சீ.சீ. கொண்ட இரண்டு சிலிண்டர் எஞ்சின், முன்கண்ணாடிக்கு ஒரேயொரு துடைப்பான், சில்லுக்கு நான்குக்குப் பதில் மூன்று நட்டு என்று ஒவ்வொரு சதமாக எண்ணிச் செலவைக் குறைத்திருந்தார்கள்.

அந்தக் கார் பிறக்கும் முன்னரே ஒரு கண்ணீர் இருந்தது. மேற்கு வங்காளத்தின் சிங்கூரில் தொழிற்சாலைக்கென ஏறக்குறைய 997 ஏக்கர் வயல் நிலம் எடுக்கப்பட்டது. விவசாயிகள் எதிர்த்தார்கள். பெண்களும் முன்னின்றார்கள். 2008 ஒக்டோபரில் டாட்டா அங்கிருந்து விலகிக் குஜராத்தின் சானந்துக்குப் போனது. நிலத்தை உரியவர்களுக்குத் திருப்பிக் கொடுக்கும்படி இந்திய உச்ச நீதிமன்றம் 2016 ஓகஸ்டில் தீர்ப்பளித்தது. காணியைப் பறிகொடுத்துக் காத்திருப்பது என்னவென்று எங்களுக்கு எவரும் விளக்கத் தேவையில்லை.

2009இல் விற்பனை தொடங்கியது. முதலில் வாங்குவதற்குப் போட்டி. பின்னர் சில கார்கள் தீப்பற்றின என்ற செய்தி வந்தது. ஓடிக்கொண்டிருந்தபோதே பற்றியவையும் இருந்தன. காரை வடிவமைத்ததில் குறையில்லை என்றது நிறுவனம். ஆனாலும் 2010 நவம்பரில், மின்கம்பிகளுக்கும் புகைபோக்கிக்கும் மேலதிகப் பாதுகாப்பை இலவசமாகப் பொருத்தித் தருவதாக அறிவித்தது. அந்த ஒரு மாதத்தில் இந்தியா முழுவதிலும் விற்பனையான நானோ 509தான். ஆண்டுக்கு இரண்டரை இலட்சம் கார் செய்யக்கூடிய தொழிற்சாலை அது!

2011இல் நானோ இலங்கைக்கு வந்தது. வரிகளும் சேர்ந்தபோது, இந்தியாவில் இருந்த விலையைவிட இங்கே மிகக் கூடுதலாக இருந்தது. ஆனாலும் கொழும்பு வீதிகளில் வாடகைக் காராக அது நிறைய ஓடியது. முச்சக்கர வண்டிக்கு மேலே ஒரு கூரையும் கதவும் வேண்டும் என்று நினைத்தவர்களுக்கு அது பொருந்தியது. 2014 ஜனவரியில், வாகனப் பாதுகாப்பைச் சோதிக்கும் உலக அமைப்பான குளோபல் என்கேப், இந்தியாவில் விற்கப்படும் ஐந்து சிறிய கார்களை மோதிப் பார்த்தது. நானோவுக்கு ஒரு நட்சத்திரமும் கிடைக்கவில்லை. காற்றுப்பை பொருத்தாத மற்ற நான்குக்கும் அதே முடிவுதான். ஆனால் மக்கள் நினைவில் நின்றது நானோவின் பெயர்.

2015இல் பின்கதவு திறக்கும் புதிய வடிவம் வந்தது. பெயர் திரும்பவில்லை. 2018 ஜூன் மாதத்தில் தொழிற்சாலையில் செய்யப்பட்டது ஒரே ஒரு கார். அதோடு நானோவின் காலம் முடிந்தது.

ஏன் இப்படி ஆயிற்று? தீப்பற்றியது ஒரு காரணம். அதற்கும் மேலே இன்னொன்று. "மலிவான கார்" என்ற முத்திரையே அதைக் கெடுத்தது என்று ரத்தன் டாட்டாவே பின்னர் ஒப்புக்கொண்டார். ஏழைகளின் கார் என்று பெயர் விழுந்தபின் அதில் ஏறிப் போக ஏழைகளுக்கே வெட்கமாக இருந்தது. சகோதரிகளே, நிவாரண அட்டையோடு வரிசையில் நின்றவர்களுக்கு இந்த வெட்கம் நன்றாகத் தெரியும்.

கெட்ட பெயர் நல்ல பெயராவது

மறுபக்கமும் உண்டு. "ஜப்பான் என்றால் கண்ணை மூடிக்கொண்டு" என்கிறோமே, அந்த ஜப்பான் காருக்கும் ஒரு காலத்தில் கெட்ட பெயர்தான். 1958இல் ரொயோட்டா தனது ரொயோபெற் காரை அமெரிக்காவில் விற்கப் பார்த்தது. அங்குள்ள அதிவேக வீதிகளுக்கு அது ஈடுகொடுக்கவில்லை. சில ஆண்டுகளிலேயே விற்பனையை நிறுத்த வேண்டி வந்தது. அவர்கள் திரும்பிப் போய்க் குறைகளைத் திருத்தினார்கள். தொழிற்சாலையில் குறை காணும் எந்தச் சாதாரண தொழிலாளியும் கயிற்றை இழுத்துச் சக உதவியாளரை அழைக்கலாம், வேலையை நிறுத்தலாம் என்று வைத்தார்கள். குறை சொல்பவன் அங்கே எதிரியல்ல.

அப்படிச் சம்பாதித்த பெயரும் நிரந்தரமில்லை. 2009, 2010 ஆண்டுகளில் வேகமூட்டும் மிதி சிக்கிக்கொள்ளும் முறைப்பாடுகளால் இலட்சக்கணக்கான ரொயோட்டாக்கள் திருப்பி அழைக்கப்பட்டன. நிறுவனத்தின் தலைவர் அக்கியோ ரொயோடா அமெரிக்கக் காங்கிரஸின் முன் தோன்றி மன்னிப்புக் கேட்டார். உண்மையை மறைத்ததற்காக 2014இல் 120 கோடி டொலர் தண்டமும் கட்ட நேர்ந்தது. ஆகவே பெயரைப் பார்த்துக் கண்ணை மூடுவது எந்தக் காருக்கும் பொருந்தாது.

அக்காவின் கார்

இனி எங்கள் அக்காவின் கதைக்கு வருவோம். அவர் ஒரு சிறிய காரை, ஒருமுறை கைமாறியதை, வேறொரு நகரத்தில் உள்ள விற்பனை நிலையத்தில் எடுத்தார். எந்தக் கார் என்பதும் எந்த நிலையம் என்பதும் இங்கு முக்கியமல்ல. "ஆறு மாதத்துக்கு எஞ்சினுக்கு நாங்கள் பொறுப்பு" என்று வாயால் சொன்னார்கள். கடதாசியில் எதுவும் இல்லை. முற்பணத்துக்குத் தாலிக்கொடி போனது. மாதத் தவணை நான்கு வருடம்.

ஐந்தாம் மாதம் ஓர் இரவு. பிரசவ வலி கண்ட ஒரு தங்கச்சியை ஏற்றிக்கொண்டு மகன் ஏ-32 வீதியால் மன்னாருக்குப் புறப்பட்டான். நானும் கூடப் போனேன். விடத்தல்தீவுக்கு இப்பால் கார் கொதித்து நின்றுவிட்டது. முன்மூடியைத் திறந்தால் ஆவி. இருபுறமும் இருட்டு. அந்தத் தங்கச்சி என் கையைப் பிடித்த பிடி இன்றும் எனக்கு நோகிறது. தெய்வாதீனமாக ஒரு மீன் லொறி வந்தது. ஐஸ் பெட்டிகளுக்குப் பக்கத்தில் இடம் செய்து அவரை ஏற்றினோம். தாயும் பிள்ளையும் சுகம். ஆனால் மறுநாளே ஊரில் காருக்குப் பெயர் விழுந்துவிட்டது. "அந்தக் கொதிபானையிலை ஏறாதேங்கோ." ஹயர் நின்றது. தவணை நிற்கவில்லை.

இரண்டு மாதம் கட்டாமல் விட்டதும், பொழுதுபட்ட நேரத்தில் இரண்டு ஆண்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். விற்ற நிலையத்தாரோ, "ஓடத் தெரியாதவன் ஓடினால் கார் என்ன செய்யும்?" என்றார்கள். அக்கா அழவில்லை. "தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்கக் கூடாது எண்டுதான் எங்களுக்குச் சொல்லித் தந்தவை. இது தானம் இல்லையே பிள்ளை, என்ர தாலிக்கொடி எல்லோ!" என்றார்.

அந்த வார்த்தை என்னைச் சுட்டது. மீள்குடியேறிய நாளிலிருந்து எங்களுக்குத் தையல் இயந்திரம் தந்தார்கள், ஆடு தந்தார்கள், நீரிறைக்கும் இயந்திரம் தந்தார்கள். சிலவற்றில் நல்லது இருந்தது. சில ஒரு மாரிக்கும் தாக்குப்பிடிக்கவில்லை. தந்தவர் மனம் நோகும் என்று நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. குறை சொன்னால் அடுத்த பட்டியலில் பெயர் இராது என்ற பயமும் இருந்தது. அந்தப் பழக்கம் காசு கொடுத்து வாங்கும் இடத்திலும் எங்களைத் தொடர்கிறது.

ஒரு கொப்பியின் பெறுமதி

எண்பது பக்கக் கொப்பி ஒன்றை எடுத்தோம். ஐந்து கோடு போட்டோம். திகதி, ஓடிய தூரம், என்ன நடந்தது, யார் திருத்தியது, எவ்வளவு செலவு. நடந்ததை மட்டும் எழுதுவது, கோபத்தை எழுதுவதில்லை என்று தீர்மானித்தோம். பழைய ரசீதுகளையும் தேடி ஒட்டினோம்.

பதினான்கு மாதத்தில் 19 குறிப்புகள் சேர்ந்தன. அவற்றைப் பிரித்துப் பார்த்தபோது எங்களுக்கே ஆச்சரியமாக இருந்தது. எட்டு, எங்கள் பராமரிப்புக் குறை. றேடியேற்றருக்கு மகன் கிணற்றுத் தண்ணீர்தான் ஊற்றிவந்தான். எங்கள் கரையோரத்துத் தண்ணீர் உவர். கேத்தலின் உள்ளே வெள்ளையாய்ப் படிவதுதான் காரின் உள்ளேயும் படிந்தது, தண்ணீர் ஓடும் வழியை அடைத்தது. ஆறு, உப்புக் காற்றும் கிறவல் ஒழுங்கையும் செய்த வேலை. மிச்சம் ஐந்தும் ஒரே குறை. றேடியேற்றருக்குக் காற்றடிக்கும் விசிறியின் மோட்டார் நின்றுபோவது. அது யாருடைய பிழையும் அல்ல, காரின் பிழை.

அதே வகைக் கார் வைத்திருந்த வேறு இருவரை இந்தக் கரையோரத்தில் தேடிப் பிடித்தோம். அவர்களுக்கும் அதே விசிறி. ஒருவருக்கு நோனால் அவருக்கு வருத்தம், மூன்று பேருக்கு ஒரே இடத்தில் நோனால் அது தொற்று என்று அக்கா சிரித்தார்.

கொப்பியோடு அந்தக் கார் நிறுவனத்தின் திருத்துமிடத்துக்குப் போனோம். முதலில் அசட்டையாகப் பார்த்த மேற்பார்வையாளர் மூன்றாம் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து வாசித்தார். அந்த வகையில் பழைய மோட்டார் பலவீனமானதுதான் என்றும் மாற்று மோட்டார் வந்திருக்கிறது என்றும் சொன்னார். அரைவிலைக்குப் பொருத்தித் தந்தார். லீசிங் கிளைக்கும் நான் கூடப் போனேன். நிலுவையைத் தவணைகளாகப் பிரித்து எழுத்தில் தந்தார்கள். அதன்பின் வீட்டு வாசலுக்கு எவரும் வரவில்லை. கார் கொதிப்பது நின்றது. ஆறு மாதத்தில் "கொதிபானை" என்ற பெயரும் மெல்ல மறைந்தது.

விற்றவரிடமிருந்து மட்டும் ஒரு சதமும் பெற முடியவில்லை. அதற்குக் காரணம் எங்கள் தாமதம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, உத்தரவாதத்துக்கு மாறான பொருள் பற்றி முறையிடலாம். ஆனால் எழுத்தில், வாங்கி மூன்று மாதத்துக்குள் முறையிட வேண்டும். எங்களிடம் எழுத்தும் இல்லை, காலமும் கடந்துவிட்டது.

நீங்கள் வாங்கப் போனால்

எங்கள் பிழையிலிருந்து சில விடயங்களைச் சொல்கிறேன்.

1. ஊர்ப் பேச்சைக் கேளுங்கள், ஆனால் "எத்தனை வருடம் ஓடியது, எது உடைந்தது, எவ்வளவு செலவு" என்று கேளுங்கள். பதில் இல்லாத புகழ்ச்சியையும் பழியையும் விட்டுவிடுங்கள்.

2. உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப் போங்கள். காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போங்கள். அடித்தட்டில் துரு இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். கரையோரத்தில் அதுதான் பெரிய வருத்தம்.

3. உத்தரவாதம் வாயால் வேண்டாம். ரசீதிலேயே எழுதி ஒப்பமிட்டுத் தரச் சொல்லுங்கள்.

4. லீசிங் என்பது கடன் மட்டுமல்ல. 2000ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க நிதிக் குத்தகைச் சட்டத்தின்கீழ், கடைசித் தவணை வரை வாகனத்தின் உரிமை நிறுவனத்துக்குத்தான். கார் ஓடாமல் நின்றாலும் தவணை கட்ட வேண்டும். விளங்காத மொழியில் உள்ள படிவத்தில் ஒப்பமிட வேண்டாம்.

5. முதல் நாளே கொப்பி தொடங்குங்கள். குறை கண்டால் உடனே எழுத்தில் அறிவித்துப் பிரதி வைத்திருங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1977.

கொப்பியும் சேர்த்து விற்ற கார்

2020இல் இறக்குமதி நின்றதும் பழைய வாகனங்களின் விலை ஏறத் தொடங்கியது. ஒரு காலத்தில் எவரும் ஏறாத அந்தக் காரைத் தேடி 2021இல் ஆட்கள் வந்தார்கள். வாங்கிய விலையைவிடக் கூடுதலாகத் தருவதாகவும் சொன்னார்கள். மகனுக்கு வேறு வேலை கிடைத்திருந்ததால் அக்காவும் விற்க முடிவு செய்தார்.

கடைசியாக வந்தவர் ஓர் ஆசிரியை. அவரும் தனியே இரண்டு பிள்ளைகளை வளர்ப்பவர். காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பிரச்சினை ஒண்டும் இல்லைத்தானே அக்கா?" என்று கேட்டார். நான் பக்கத்தில் நின்றேன். ஒரு "ஓம்" சொன்னால் காசு மேசைக்கு வந்துவிடும்.

அக்கா உள்ளே போய்க் கொப்பியைக் கொண்டுவந்து கொடுத்தார். "பிள்ளை, முதல் இதை வாசியுங்கோ. விசிறி மாத்தியாச்சு. அடித்தட்டிலை வலப்பக்கம் துரு இருக்கு, அதைச் செய்ய வேணும். கிணத்துத் தண்ணி மட்டும் விட்டுடாதேங்கோ" என்றார்.

ஆசிரியை முழுவதையும் வாசித்தார். துருவுக்காகக் கொஞ்சம் விலை குறைத்துக் கேட்டார். அக்கா குறைத்தார். லீசிங் மிச்சத்தைக் கட்டி முடித்துத் தாலிக்கொடியை மீட்டதன் பின்பு கையில் பெரிதாக ஒன்றும் மிஞ்சவில்லை.

"கூட விலைக்கு வித்திருக்கலாமே அக்கா?" என்று திரும்பி வரும்போது கேட்டேன்.

"வித்திருக்கலாம். ஆனால் எனக்குச் செய்ததை நான் இன்னொருத்திக்குச் செய்யேலாது. இனி அந்தக் கார் ரோட்டிலை நிண்டாலும் அவ என்னைத் திட்ட மாட்டா" என்றார்.

அந்த ஆசிரியை இப்போதும் அதே காரில் பள்ளிக்கூடம் போகிறார். கொப்பியை அவர் நிறுத்தவில்லை. இரண்டாவது கொப்பி ஓடிக்கொண்டிருக்கிறது.